நோயாளியின் மொழியும் டாக்டரின் படிப்பும்

வைத்திய விஞ்ஞானம் சென்ற நூறு ஆண்டுகளில் அடைந்துள்ள முன்னேற்றம் யாவரும் அறிந்ததே. எக்ஸ்ரே, தடுப்பூசி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், இரத்தப் பரிசோதனைகள் ஆகியவை மனிதனின் ஆயுளை நீட்டியுள்ளன. எனினும், இக்கருவிகள் இயங்கத் தொடங்குமுன் நிகழவேண்டிய ஒரு காரியம் உண்டு. நோயாளி தன் உபாதையைச் சொல்லவேண்டும். டாக்டர் அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். மருந்து எழுதிய பின்னும் ஒரு காரியம் உண்டு. டாக்டர் அதன் உபயோகத்தை விளக்கவேண்டும். நோயாளி வீடு சென்று அதன்படி நடக்கவேண்டும். முதலிலும் முடிவிலும் உள்ள இவ்விரு காரியங்களும் பழுதானால், நடுவிலுள்ள விஞ்ஞானம் முழுவதும் வீணாகிவிடும்.

இந்தியாவின் மருத்துவக் கல்லூரிகளில் இத்திறன் நெடுங்காலம் தனிப்பாடமாக இருந்ததில்லை. மாணாக்கன் மூத்த டாக்டரைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்வான் என்று எண்ணப்பட்டது. மூத்தவர் பொறுமைசாலியாயின் மாணாக்கன் பொறுமையைக் கற்றான். அவர் சிடுசிடுப்பவராயின் சிடுசிடுப்பையே கற்றான். 2019-ஆம் ஆண்டில் சேர்ந்த மாணாக்கர் முதற்கொண்டு இந்நிலை மாறியுள்ளது. நோயாளியுடன் உரையாடும் திறன் இன்று எம்.பி.பி.எஸ். படிப்பின் கட்டாயப் பகுதியாகும். இம்மாறுதல் பெரிதும் வரவேற்கத்தக்கது. ஆனால், பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பு இடம்பெறுவது வேறு. அது ஆஸ்பத்திரி மேஜையின் முன் பயன் தருவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தறிய, மைசூருக்குக் கிழக்கே, காவிரிக்கு அருகிலுள்ள கொள்ளேகால் பகுதியைவிடத் தக்க இடம் அரிது.

கொள்ளேகாலின் மொழிகள்

கொள்ளேகால் 1956 வரை சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ராஜ்யங்கள் சீரமைக்கப்பட்டபோது, அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி அது மைசூர் ராஜ்யத்துடன் இணைந்தது. 1973-ல் மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்ற பெயரைப் பெற்றது. 1997-ல் மைசூர் ஜில்லாவிலிருந்து சாமராஜநகர் ஜில்லா பிரிக்கப்பட்டபோது கொள்ளேகால் அதில் அடங்கியது. அதன் கிழக்குப் பகுதி பின்னர் ஹனூர் என்னும் தனித் தாலூகாவாயிற்று. எல்லைக் கோடுகள் இவ்வாறு பன்முறை மாறியபோதிலும், மக்கள் வீட்டில் பேசும் மொழி கோட்டுக்கு ஏற்ப மாறவில்லை.

பெரும்பாலோர் பேசுவது கன்னடம். மார்டள்ளி முதலிய கிழக்குக் கிராமங்களில் தமிழ் பேசுவோர் மிகுதி. பிளிகிரிரங்கன் மலையிலும் மலை மாதேசுவரர் மலையிலும் வாழும் சோலிகர் தமக்கெனத் தனி வழக்கு உடையவர்கள். நகரில் உருது பேசும் குடும்பங்கள் உள்ளன. ஒடெயர்பாளையத்தில் 1974 முதல் திபெத்திய அகதிகளின் குடியிருப்பு ஒன்றும் இருந்து வருகிறது. இத்தனை மொழிகளைப் பேசும் மக்களும் நோயுற்றபோது கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்கும், 2016-ல் தொடங்கிய சாமராஜநகர் சர்க்கார் மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கும், மைசூருக்கும் செல்கின்றனர். அங்கே அவர்களை முதலில் சந்திப்பவர் பெரும்பாலும் இளம் பயிற்சி டாக்டர். சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளின் இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுவதால், அவர் வடநாட்டிலிருந்து வந்து கன்னடத்தையே புதிதாகக் கற்பவராகவும் இருக்கக்கூடும்.

மொழிகள் அண்டை மொழிகளாயிருப்பது சில வேளைகளில் உதவி. சில வேளைகளில் அதுவே இடையூறு. கன்னடத்தில் தலை சுத்து என்பதும் தமிழில் தலைச்சுற்றல் என்பதும் ஒன்றே. வாந்தி, பேதி என்பவை இரு மொழிக்கும் பொது. ஆனால் கன்னடத்தில் முட்டு என்பது மாதவிலக்கைக் குறிக்கும். தமிழில் மூட்டு என்பது எலும்புகள் இணையும் இடம். மூட்டு வலி என்று ஒரு தமிழ்ப் பெண் சொல்வதைக் கன்னடம் மட்டும் அறிந்த டாக்டர் வேறொன்றாகக் கொள்ள இடமுண்டு. மைகை நோவு என்று கன்னடக் குடியானவர் கூறினால் அது உடம்பும் கைகாலும் வலிக்கிறது என்று பொருள்படும். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு மை என்பது உடம்பு என்று தோன்றாது. மேலும், ஒரே மொழிக்குள்ளும் வலி என்பது ஒன்றன்று. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, பிசைதல் என்று கிராமவாசி பிரித்துச் சொல்லும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு நோய்க்குறியைச் சுட்டுகின்றன. இவை யாவற்றையும் வலி என்ற ஒரே சொல்லாகச் சீட்டில் எழுதும் டாக்டர், தம் கைக்கு எட்டிய சாட்சியத்தைத் தாமே இழக்கிறார்.

நோயாளியின் தொழிலை அறிவதும் மொழியை அறிவதைப் போன்றதே. கொள்ளேகால் பட்டுக்குப் பெயர்போன ஊர். பட்டுப்புழு தன் வாழ்நாளில் தின்னும் மல்பெரி இலையில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் கடைசிப் பருவமாகிய ஏழெட்டு நாட்களில் தின்கிறது. அந்நாட்களில் புழு வளர்க்கும் குடும்பத்தார் இரவும் பகலும் இலையிட வேண்டும். அத்தகைய ஒருவரிடம் மூன்றாம் நாள் மறுபடியும் வரவேண்டும் என்று டாக்டர் கூறினால், அவர் தலையசைப்பார், ஆனால் வரமாட்டார். சீட்டில் நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று குறிக்கப்படும். புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், இருவருக்கும் ஏற்ற ஒரு நாளைக் குறித்திருக்கலாம். தினமும் இருவேளை மட்டுமே உண்பவரிடம் மூன்று வேளை உணவுக்குப் பின் மாத்திரை என்று சொல்வதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

செவி கொடாததன் விலை

நோயாளி அறியாமையால் வருவதில்லை என்பது ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி கேட்கப்படும் குறை. இக்கூற்றைச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று பழைய மைசூர் ராஜ்யத்திலேயே நடந்தது. 1959-ல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசிய காசநோய் நிலையத்தைச் சேர்ந்த பானர்ஜி, ஆண்டர்ஸன் ஆகிய இருவர் தும்கூர் ஜில்லாவின் கிராமங்களில் காசநோயாளிகளைக் கண்டு விசாரித்தனர். அவர்களது முடிவு 1963-ல் வெளியாயிற்று. நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் ஏதோ கோளாறு இருப்பதை உணர்ந்திருந்தனர். பாதிக்கும் சற்று மேற்பட்டோர் ஏற்கெனவே ஏதேனும் ஒரு வைத்திய ஸ்தாபனத்தை நாடிச் சென்றிருந்தனர். ஆனால் அங்கே அவர்களுடைய இருமலுக்கு ஒரு புட்டி மருந்து கிடைத்ததேயன்றி, காசநோய் என்று கண்டறியப்படவில்லை. நோயாளி நடந்து வந்தார், சொல்லவும் செய்தார், கேட்கவேண்டிய செவிதான் அங்கே இல்லை. எத்தனை நாளாக இருமல் என்ற ஒரு கேள்வியும், பதிலைக் கேட்டபின் சளிப் பரிசோதனைக்கு அனுப்பும் ஒரு சீட்டும் போதுமானவையாக இருந்திருக்கும். இந்தியாவின் காசநோய்த் திட்டம் சாதாரண ஆஸ்பத்திரிகளையே அடிப்படையாகக் கொண்டு அமைந்ததற்கு இவ்வாராய்ச்சி ஒரு முக்கிய காரணமாகும்.

நோய் நிர்ணயத்தில் பேச்சுக்குள்ள பங்கை அளந்தும் பார்த்திருக்கின்றனர். 1975-ல் இங்கிலாந்தில் ஹாம்ப்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் 80 புதிய நோயாளிகளை ஆராய்ந்தனர். அவர்களுள் 66 பேருக்கு, நோயின் வரலாற்றைக் கேட்ட அளவிலேயே டாக்டர் எய்திய முடிவு கடைசிவரை மாறவில்லை. உடற்பரிசோதனையால் முடிவு மாறியது 7 பேருக்கு. ஆய்வுக்கூடப் பரிசோதனையால் மாறியது 7 பேருக்கு. விலையுயர்ந்த யந்திரங்கள் இல்லாத தாலூகா ஆஸ்பத்திரிக்கு இதைவிட ஊக்கமளிக்கும் செய்தி வேறில்லை.

ஆயினும், நோயாளிக்குப் பேச இடம் கிடைப்பதில்லை. 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கெல் என்போர் செய்த ஆராய்ச்சியில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 விநாடிகளில் டாக்டர் குறுக்கிட்டது தெரியவந்தது. 2017-ல் 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்த ஓர் ஆய்வு, ஸ்வீடனில் ஒரு நோயாளிக்குச் சராசரி 22 நிமிஷத்துக்குமேல் செலவிடப்படுவதாகவும், வங்காள தேசத்தில் 48 விநாடிகளே செலவிடப்படுவதாகவும், இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிஷம் என்றும் காட்டியது. டாக்டர் கூறும் விஷயத்தில் நூற்றுக்கு 40 முதல் 80 பங்கு வரை நோயாளி உடனே மறந்துவிடுகிறார் என்பது 2003-ல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வின் முடிவு. இரண்டு நிமிஷப் பேச்சில் பாதி மறந்துபோனால் எஞ்சுவது எவ்வளவு என்பதை எவரும் கணக்கிடலாம்.

அவசர வேளையில் இதன் முக்கியத்துவம் இன்னும் தெளிவாகும். 2018 டிசம்பர் 14-ஆம் தேதி ஹனூர் பகுதியிலுள்ள சுல்வாடி கிராமக் கோயிலில் பூச்சிமருந்து கலந்த பிரசாதத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர்; 15-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய வேளையில் எதை உண்டார், எவ்வளவு உண்டார், எப்பொழுது உண்டார், உடன் உண்டவர் எவர் என்ற நான்கு கேள்விகளுக்குரிய விடையே சிகிச்சையின் முதல் நூலிழை. அதை அழுது அரற்றும் உறவினரிடமிருந்து அவருடைய மொழியிலேயே, சில விநாடிகளில் அறியவேண்டும். அந்நேரத்தில் அகராதியைப் புரட்ட எவருக்கும் அவகாசம் இராது.

இது கற்பிக்கக்கூடியதா?

இனிமையாகப் பேசுவது பிறவிக்குணம். அதைப் பாடமாக நடத்துவது வீண் என்போர் உளர். அனுபவம் முதிர்ந்தால் தானே வரும் என்பது வேறு சிலரின் அபிப்பிராயம். இவ்விரண்டையும் விஞ்ஞான முறையில் சோதித்தாகிவிட்டது. 2002-ல் இங்கிலாந்தில் பாலோபீல்டு என்பவரும் பிறரும், 34 புற்றுநோய் நிலையங்களைச் சேர்ந்த 160 நிபுணர்களைச் சோதனைக்கு உட்படுத்தினர். மூன்று நாள் பயிற்சி பெற்றவர்கள் நோயாளியிடம் வினவும் முறையிலும், அவரது துயரத்துக்கு ஈடுகொடுக்கும் முறையிலும் தெளிவாக முன்னேறினர். பயிற்சி பெறாதவர்கள், பல்லாண்டு அனுபவம் இருந்தும், அவ்வாறு முன்னேறவில்லை. அனுபவம் பழக்கத்தை உறுதிப்படுத்தும். அப்பழக்கம் நல்லதா தீயதா என்பதை அது பார்ப்பதில்லை.

கற்பிக்கும் முறைகளும் புதியவை அல்ல. 1963-ல் அமெரிக்காவில் ஹோவர்டு பாரோஸ் என்னும் நரம்பியல் பேராசிரியர், நோயாளியைப்போல் நடிக்கப் பயிற்றுவிக்கப்பட்ட ஒருவரைக் கொண்டு மாணாக்கரைப் பரிசோதிக்கும் முறையைத் தொடங்கினார். 1975-ல் ஸ்காத்லாந்திலுள்ள டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன், மாணாக்கர் ஒவ்வொரு மேஜையாகச் சென்று ஒவ்வொரு திறனைச் செய்துகாட்டும் பரீட்சை முறையை வகுத்தார். இன்று இவ்விரண்டும் சேர்ந்து உலகெங்கும் வழங்குகின்றன. இப்பரீட்சையின் மதிப்பெண் வெறும் எண்ணன்று என்பதைக் கனடா நாட்டு ஆராய்ச்சி ஒன்று 2007-ல் நிலைநாட்டியது. 1993-க்கும் 1996-க்கும் இடையே பரீட்சை எழுதிய 3,424 டாக்டர்களைத் தொடர்ந்து கவனித்ததில், நோயாளியுடன் உரையாடும் பகுதியில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களின்மீதே பிற்காலத்தில் புகார்கள் மிகுந்து வந்தன.

இந்தியாவில் நடந்தவை

டாக்டர் சமூகத்தை அறிந்தவராக இருக்கவேண்டும் என்பதை 1946-லேயே போர் கமிட்டி வற்புறுத்தியது. 1977-ல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களின் பொறுப்பை ஏற்கவேண்டும் என்ற திட்டம் வந்தது. நோக்கம் சிறந்ததே, ஆனால் மாணாக்கரைக் கிராமத்துக்கு அனுப்புவதுமட்டும் அவர்களுக்குக் கிராமத்துடன் பேசக் கற்பித்துவிடாது. பஸ்ஸில் சென்று பஸ்ஸில் திரும்பியவர் கண்டது பாதையை மட்டுமே.

2018-ல் இந்திய மருத்துவக் கவுன்ஸில் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகிய மூன்றையும் இணைத்து 27 பாடப்பகுதிகளை வெளியிட்டது. 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம், தேர்ச்சி பெறும் டாக்டருக்குரிய ஐந்து கடமைகளுள் ஒன்றாக எடுத்துரைப்பவர் என்பதையும் சேர்த்தது. முதலாண்டின் தொடக்கத்தில் உள்ளூர் மொழி கற்பதற்கும் அதில் இடம் தரப்பட்டது. 2020-ல் கவுன்ஸிலின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் அமைந்தது. 2022-ல் மாணாக்கர் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக்காலம் முழுவதும் அவர்களுடைய ஆரோக்கியத்தைக் கவனித்துவரும் ஏற்பாட்டையும் ஆணையம் கொண்டுவந்தது.

இவ்வளவும் இருந்தும் ஓர் அபாயம் எஞ்சியுள்ளது. உரையாடலை விரிவுரை மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்கு ஒரே வேளையில் போதிப்பது எளிது. குறிப்பேட்டில் கையொப்பமிடுவது அதனினும் எளிது. நீந்தும் முறையைக் கரும்பலகையில் கற்பித்து, குளத்தைக் காட்டாமல் சான்றிதழ் அளிப்பது போன்றதே அது. மேலும், நடிப்பு நோயாளியும் பரீட்சை மேஜையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமையுமாயின், மாணாக்கர் கற்பது ஆங்கிலத்தில் அன்பாகப் பேசுவதையே. கொள்ளேகாலில் அந்த அன்புக்குச் செலாவணி இல்லை. எந்த மொழியில் நோயாளி அழுகிறாரோ அந்த மொழியிலேயே பரீட்சையும் நடைபெறவேண்டும் என்பதே இத்துறையில் முதலில் செய்யவேண்டிய சீர்திருத்தம்.

சொல்லுதல் எவ்வளவு கடினம்

ஓர் உதாரணம் இவ்வுண்மையை விளக்கும். சோலிகர் முதலிய பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை நோய் காணப்படுகிறது. 2023-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய தேசிய இயக்கம், 2047-க்குள் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமற்செய்யும் நோக்கத்துடன், 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடி மக்களைப் பரிசோதிக்க முற்பட்டுள்ளது. இரத்தத் துளியைப் பரிசோதிப்பது சில நிமிஷ வேலை. முடிவைச் சொல்வதுதான் உண்மையான வேலை.

பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இக்குறையைப் பெற்றவர் நோயாளி அல்லர். அவர் நோயைத் தாங்கிச் செல்பவர். அவருக்கு வழக்கமாக எந்த உபாதையும் இராது. அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் உண்டாகும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. தாங்கிச் செல்பவராகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு பங்கு. குறையே இல்லாமற் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. இக்கணக்கைச் சரியாகச் சொல்லாமல், உன் இரத்தத்தில் கெட்ட நோய் இருக்கிறது என்று பதினெட்டு வயதுப் பெண்ணிடம் பலர் முன்னிலையில் ஓர் இளம் டாக்டர் கூறிவிட்டால், அவளுடைய திருமணமும் மானமும் ஒருங்கே பாதிக்கப்படும். மறுபரிசோதனைக்கு அந்தப் பாடியிலிருந்து எவரும் வரமாட்டார். நான்கில் ஒரு பங்கு என்பதை, முதல் மூன்று குழந்தைகள் நன்றாயிருக்கும், நான்காவது நோயுறும் என்று பொருள்கொள்வோரும் உண்டு. ஆகவே, ராகியையும் அவரையையும் கலந்து கண்மூடி எடுக்கச்செய்து, ஒவ்வொரு முறையும் வாய்ப்பு புதிதே என்று காட்டுவது போன்ற உபாயங்கள் தேவைப்படுகின்றன. தனிமை, தாழ்ந்த குரல், எளிய உவமை, கேள்வி கேட்க அவகாசம் ஆகிய நான்கும் இங்கே மருந்துக்குச் சமமானவை.

பிளிகிரிரங்கன் மலையில் டாக்டர் சுதர்சன் 1981-ல் நிறுவிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் சோலிகரிடையே செய்துவரும் பணி பலரும் அறிந்தது. 1994-ல் அப்பணிக்குச் சர்வதேசப் பரிசும் கிடைத்தது. மலையிலேயே தங்கி, அம்மக்களோடு பழகி, அவர்களையே சுகாதார ஊழியர்களாகப் பயிற்றுவித்ததே அதன் சிறப்பு. நம்பிக்கை முதலில், மருந்து பிறகு என்ற வரிசையை மருத்துவக் கல்லூரிகள் இங்கிருந்து கற்கலாம்.

ஆட்சேபங்களும் விடைகளும்

நேரமில்லை என்பது முதல் ஆட்சேபம். காலையில் இருநூறு பேரைப் பார்க்கவேண்டிய டாக்டரிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது நியாயமா என்று கேட்கின்றனர். இக்கேள்வியில் உண்மை உண்டு. போதிய டாக்டர்களை நியமிப்பதற்கு இனிய பேச்சு ஈடாகாது. அவ்வாறு ஈடாகக் காட்டுவது நோயாளிக்கும் டாக்டருக்கும் இழைக்கும் அநீதி. ஆனால், இரண்டு நிமிஷமே உள்ளபோது அதை எவ்வாறு செலவிடுவது என்ற கல்வி மேலும் அவசியமாகிறது. முதல் அரை நிமிஷம் குறுக்கிடாமல் கேட்பது, வேறு ஏதேனும் உண்டா என்று ஒருமுறை வினவுவது, இறுதியில் மருந்தை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று நோயாளியையே திருப்பிச் சொல்லச்செய்வது ஆகிய மூன்றும் நேரத்தை விழுங்குபவை அல்ல. இவற்றைச் செய்யாததால் தவறாக மருந்துண்டு மீண்டும் வரும் நோயாளியே நேரத்தை விழுங்குகிறார்.

மொழிபெயர்க்க நர்ஸும் உறவினரும் இருக்கிறார்களே என்பது இரண்டாவது ஆட்சேபம். நர்ஸின் உதவி மதிப்புமிக்கதே. ஆனால் மாமியாரின் வழியாக மருமகளின் கருச்சிதைவைப் பற்றியோ, பத்து வயது மகனின் வழியாகத் தந்தையின் குடிப்பழக்கத்தைப் பற்றியோ வினவினால் உண்மை வெளிவராது. அந்தரங்கமான கேள்விகளையாவது டாக்டர் தாமே நோயாளியின் மொழியில் கேட்கக் கற்கவேண்டும். அதற்குப் புலமை தேவையில்லை. நூறு நூற்றைம்பது வாக்கியங்கள் போதும்.

இம்முறைகள் மேனாட்டுச் சரக்கு என்பது மூன்றாவது ஆட்சேபம். துயரச் செய்தியைச் சொல்வதற்கு 2000-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆறு படிகள் இங்கும் கற்பிக்கப்படுகின்றன. அவை நோயாளியைத் தனி மனிதராகக் கொண்டு அமைந்தவை. இந்நாட்டிலோ நோயாளியின் பின்னே அண்ணனும் அத்தையும் ஊர்ப் பெரியவரும் நிற்கின்றனர். ஆகவே, யாரிடம் முதலில் சொல்லவேண்டும் என்பதை நோயாளியையே கேட்டறிந்து, படிகளின் வரிசையை இவ்விடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது கடமை. மரியாதைச் சொற்களும் அவ்வாறே. அறுபது வயது நெசவாளியை நீ என்று விளிக்கும் இளைஞரிடம் அவர் மனம் திறக்கமாட்டார். ஐயா, அம்மா, அண்ணா, அக்கா, கன்னடத்தில் அஜ்ஜி என்னும் ஒரு சொல், ஒரு மருந்துச் சீட்டின் பாதிப் பயனைத் தரவல்லது. மருத்துவம் என்பது நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் ஆகிய நால்வகை உறுப்பை உடையது என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறுகிறது. நோயாளியையும் உடனிருப்பவரையும் விட்டுவிட்டு மருந்தையும் டாக்டரையும் மட்டும் எண்ணும் கல்வி, பழைய கணக்கின்படியும் பாதிக் கல்வியே.

ஆசிரியரும் கள ஊழியரும் ஆற்றவேண்டிய பங்கு

இக்கல்வி கல்லூரியின் சுவர்களுக்குள் நிறைவுபெறாது. கிராமத்துப் பேச்சை அறிந்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். ஆஷா பணியாளர், அங்கன்வாடி ஊழியர், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ், பள்ளி ஆசிரியர், பட்டு வளர்ச்சித் துறையின் கள ஊழியர் ஆகியோரே. ஆகையால் பின்வரும் ஏற்பாடுகள் ஆலோசிக்கத்தக்கவை.

முதலாவதாக, பள்ளி ஆசிரியர்கள் தத்தம் ஊரில் நோயையும் உடலையும் குறித்து வழங்கும் சொற்களைத் தொகுக்கலாம். ஒரு பக்கத்தில் கிராமச் சொல், அடுத்த பக்கத்தில் அதன் பொருள், அதற்கு அடுத்து எந்தச் சந்தர்ப்பத்தில் வழங்குகிறது என்ற குறிப்பு என்று ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தம் பாட்டிமாரிடமிருந்து இச்சொற்களைத் திரட்டுவது அவர்களுக்கும் நல்ல பாடமாகும். கன்னடம், தமிழ், சோலிக வழக்கு ஆகிய மூன்றிலும் இத்தகைய தொகுப்பு கொள்ளேகால் பகுதிக்கு உண்டானால், அங்கு வரும் ஒவ்வொரு பயிற்சி டாக்டருக்கும் அது ஸ்டெதாஸ்கோப்புக்கு அடுத்த கருவியாகும்.

இரண்டாவதாக, மாணாக்கர் தத்தெடுத்த குடும்பங்களைக் காணச் செல்லும்போது கள ஊழியர் வழிகாட்டியாக மட்டும் நில்லாமல், போதனாசிரியராகவும் இருக்க வேண்டும். திரும்பும் வழியில், எந்தக் கேள்வி புரியவில்லை, எந்தச் சொல் மனத்தைப் புண்படுத்தியது, அந்த அம்மாள் எதைச் சொல்லத் தயங்கினார் என்று மாணாக்கருக்கு எடுத்துரைக்க வேண்டும். இதைச் சொல்வதற்குரிய உரிமையையும் மதிப்பையும் கல்லூரி அவருக்கு எழுத்துமூலம் வழங்கவேண்டும்.

மூன்றாவதாக, இறுதிப் பரீட்சையில் ஒரு மேஜையாவது உள்ளூர் மொழியில் அமையவேண்டும். அங்கே நோயாளியாக அமர்பவரும், மதிப்பெண் இடுவோருள் ஒருவரும் கிராமத்திலிருந்து வந்தவராக இருக்கவேண்டும். இதய ஒலியைத் தவறாகக் கேட்கும் மாணாக்கர் தேர்ச்சி பெறுவதில்லை. நோயாளியின் ஒலியைக் கேட்கவே செய்யாதவர் மட்டும் ஏன் தேர்ச்சி பெறவேண்டும்?

நான்காவதாக, கிராம மக்களுக்கும் கேட்கக் கற்பிக்கவேண்டும். இம்மருந்து எதற்கு, எத்தனை நாள், எந்தக் குறி தோன்றினால் உடனே வரவேண்டும் என்ற மூன்று கேள்விகளைப் பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அவை வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சென்று சேரும். காசநோய்க்கு ஆறு மாத காலம் மருந்துண்ண வேண்டியவர், இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றவுடன் மருந்தை நிறுத்திவிடுவது ஏன் தவறு என்பதை, கேட்கத் தெரிந்த ஒரு குடும்பம் எளிதில் அறிந்துகொள்ளும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. புதிய கட்டடங்களும் தேவையில்லை. தேவைப்படுவது, பேச்சும் கேள்வியும் வைத்திய விஞ்ஞானத்தின் அலங்காரம் அல்ல, அதன் அங்கம் என்ற துணிபு மட்டுமே. அத்துணிபைக் கல்லூரிகள் பாடத்திட்டத்தில் எழுதிவிட்டன. அதைக் கொள்ளேகாலின் மல்பெரித் தோட்டங்களுக்கும் மலைப் பாடிகளுக்கும் கொண்டுசேர்க்கும் பணி, அங்கு நாள்தோறும் மக்களோடு பழகும் ஊழியர்களிடமும் ஆசிரியர்களிடமும் உள்ளது.